காண்க அட்டை இல்லாத ஒற்றைத் தேடல் பெட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள நூலகங்களின் நூற்பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிராமல், ஒரே இடத்தில் ஒரே முறை தட்டச்சு செய்து தேடிக்கொள்ளும் வசதி வேண்டும் என்று ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். கல்லூரி நூலகராக முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தக் கோரிக்கையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இது குறித்து எங்கே பேச்செடுத்தாலும் எந்த மென்பொருளை வாங்குவது என்பதிலேயே பேச்சு நிற்கிறது. வாங்கிய மென்பொருள் எதற்குள் தேடப்போகிறது என்ற கேள்வி எழுவதே இல்லை. ஒரு பெயரில் தேடுபவரை இன்னொரு பெயருக்கு வழிகாட்டிய பழைய 'காண்க' அட்டைகளை இழந்து, தமிழ்ப் பெயர்கள் நம் பட்டியல்களில் இன்று கிடக்கும் கிடப்பில், எவ்வளவு உயர்ந்த கருவியைக் கொண்டுவந்து வைத்தாலும், இருக்கிற புத்தகத்தை அது இல்லை என்றுதான் சொல்லும். இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு, எங்கள் தெருவில் குடியிருக்கும் முதுகலை வரலாற்று மாணவி ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் நடந்த துணி வணிகம் குறித்து ஆய்வேடு எழுதுவதற்காக ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தேடிக்கொண்டிருந்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த பிள்ளை 1736இல் எழுதத் தொடங்கிய அந்தக் குறிப்புகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னை அரசால் வெளியிடப்பட்டது. மாணவி படிக்கும் கல்வி நிறுவனத்தில் பல தரவுத்தளங்களை ஒருசேரத் தேடும் பெட்டி ஒன்று இருக்கிறது. ஆசிரியர் பெயரைத் தமிழில் இட்டார், விடை பூஜ்யம். தமக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்தில் இட்டார். வெளிநாட்டு ஆய்விதழ்க் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன, புத்தகம் மட்டும் வரவில்லை. "எங்கேயுமே இல்லையாம் தாத்தா" என்று என்னிடம் வந்து சொன்னார். மறுநாள் அவருடன் நானும் போனேன். பழைய பழக்கத்தில் கணினிப் பக்கம் போகாமல் நேரே அடுக்குகளுக்கு இடையே நடந்தபோது, வரலாற்றுப் பிரிவின் கீழ்த்தட்டில், முதுகுத் துணி உரிந்து, தூசி படிந்து, 12 தொகுதிகளில் ஒன்பது வரிசையாக நின்றன. மாணவி தேடிய கணினியிலிருந்து அந்த அடுக்கு முப்பது அடி தூரம்கூட இராது.

பட்டியலில் அந்தப் புத்தகம் ஏற்றப்படாமல் இல்லை. 'பிள்ளை' என்பதை ஐரோப்பியர் வழக்கப்படி குடும்பப் பெயராகக் கொண்டு முன்னால் போட்டு, 'ஆனந்த', 'ரங்க' என்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, அதிலும் ஆங்கில எழுத்து ஒன்றைத் தவறவிட்டு ஏற்றியிருந்தார்கள். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. பிழை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. பணிக்காலத்தில் நானும் அவசரத்தில் இப்படிப் பல பதிவுகளை ஏற்றியவன்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேடல் பெட்டி கெட்டுப்போகவில்லை. கேட்டதை எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கேட்டுவிட்டுத்தான் இல்லை என்றது. அதனால்தான் மாணவியும் அதை நம்பினார். தனித்தனிப் பட்டியலாகத் தேடுகிறவர் ஒன்றில் கிடைக்காவிட்டால் அடுத்ததைத் திறப்பார், எழுத்தை மாற்றிப் பார்ப்பார், நூலகரிடம் கேட்பார். எல்லாவற்றையும் தேடிவிட்டேன் என்று சொல்லும் பெட்டி, அந்தச் சந்தேகத்தையே வாசகரிடமிருந்து எடுத்துவிடுகிறது.

இத்தகைய கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சொன்னால்தான் எங்கே இடறுகின்றன என்பது விளங்கும். முதல் வகைக் கருவி, நாம் இடும் சொல்லை அந்தக் கணமே பல நூலகக் கணினிகளுக்கு அனுப்பி, வரும் விடைகளைச் சேர்த்துத் திரையில் காட்டும். ஒரு சாமானைத் தேடி ஐந்து கடைகளுக்கு ஐந்து பையன்களை ஒரே நேரத்தில் அனுப்புவதைப் போன்றது இது. கடைக்குக் கடை பேச்சு வேறாக இருந்தால் பையன்கள் திண்டாடுவார்கள் அல்லவா? அதற்காகவே இசட்39.50 என்ற பொது நெறிமுறை அமெரிக்காவில் 1988இல் தரமாக ஏற்கப்பட்டு, 1995இல் மூன்றாம் பதிப்புக் கண்டு, 1998இல் ஐ.எஸ்.ஓ. 23950 என்ற உலகத் தரமும் ஆயிற்று. அதில் கேள்விகள் எண்களாகப் போகும்: தலைப்பில் தேடு என்பதற்கு 4, ஆசிரியர் பெயரில் தேடு என்பதற்கு 1003, நூலுக்குரிய ஐ.எஸ்.பி.என். எண்ணில் தேடு என்பதற்கு 7. எந்த மென்பொருளாக இருந்தாலும் அந்த எண்ணைக் கண்டதும் தன் பட்டியலில் உரிய இடத்தைத் தேடிச் சொல்லிவிட வேண்டும். இந்த நெறிமுறையைக் கொண்டோ, வேறு வழிகளைக் கொண்டோ இப்படி ஒருசேரத் தேடும் சேவைகள் பல உருவாயின. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரப் பல்கலைக்கழக நூலகம் 1996இல் தொடங்கிய தேடல், தனக்கென்று ஒரு பட்டியலும் வைத்துக்கொள்ளாமல் பிறர் பட்டியல்களைக் கேட்டே விடை சொல்லி வந்தது. இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

இந்த முறையின் குறை, பையன்களை அனுப்பிய எவருக்கும் தெரியும். நால்வர் வந்துவிட்டாலும் ஐந்தாமவனுக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திராமல் கதவைச் சாத்தினால் அவன் கொண்டுவந்தது போயிற்று. அதைவிட மோசம், கடை பூட்டியிருந்ததா, சரக்கு இல்லையா என்பதைப் பல கருவிகள் பிரித்துச் சொல்வதில்லை. 'கிடைக்கவில்லை' என்பதும் 'கேட்க முடியவில்லை' என்பதும் திரையில் ஒன்றுபோலவே காட்சியளிக்கின்றன. தொட்டதையெல்லாம் தேடித்தரும் கருவியில் எனக்கு இருக்கும் முதல் மனக்குறை இதுதான். நம் பகுதியின் சிறு நூலகங்கள் பலவற்றில் பட்டியலைத் தாங்கும் கணினி, நூலகர் மேசைக்கு அடியில் இருக்கும் சாதாரணக் கணினி. மாலையில் கதவைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போவார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தேட உட்காரும் மாணவருக்கு அந்த நூலகத்தில் ஒரு புத்தகமும் இல்லை என்று கருவி சொன்னால் அது பொய்யல்லாமல் வேறென்ன?

இரண்டாவது வகை, எல்லா நூலகங்களின் பதிவுகளையும் முன்கூட்டியே வாங்கி ஓரிடத்தில் குவித்து, அந்தக் குவியலுக்குள் தேடுவது. 2001இல் வெளியாகி 2002இல் இரண்டாம் பதிப்புக் கண்ட ஓஏஐ-பிஎம்எச் என்ற நெறிமுறை இதற்கு உதவுகிறது. பதிவுகளைத் திரட்டுவதை இத்துறையினர் அறுவடை என்றே சொல்கிறார்கள், பொருத்தமான சொல். இரவில் அறுவடையான பதிவுகள் பகலில் தேடக் கிடைக்கும். மூல நூலகத்தின் கணினி உறங்கினாலும் கவலையில்லை. விடையும் நொடியில் வரும். 2009, 2010 வாக்கில் சம்மன், எப்ஸ்கோ போன்ற சேவைகள் இந்த அடிப்படையில்தான் உலகப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தன. ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். தங்களிடம் உள்ளதை முன்னே தள்ளிக் காட்டுகிறார்களோ என்ற ஐயம் நூலகர்களுக்கு எழுந்ததால், எவற்றைச் சேர்த்திருக்கிறோம், எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என அமெரிக்கத் தகவல் தர நிறுவனம் 2014இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் மாணவி ஆங்கிலத்தில் இட்ட சொல்லுக்கு வெளிநாட்டுக் கட்டுரைகள் மட்டும் மலைபோல் குவிந்ததற்கு உள்நோக்கம் எதையும் நான் கற்பிக்கவில்லை. அந்தக் கட்டுரைகளின் பதிவுகள் ஒழுங்காக இருந்தன, நம்முடையது இல்லை, அவ்வளவே.

கடலூர்–புதுச்சேரிக்கு இரண்டாவது வகையே ஏற்றது என்பது என் கருத்து. பணமும் அதற்குப் பெரிய தடையில்லை. நியூசிலாந்தின் ஒரு சிறிய வட்டார நூலகத்துக்காக உருவாகி 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்னும் கட்டற்ற மென்பொருளை நம் நாட்டுக் கல்லூரிகள் பலவும் பயன்படுத்துகின்றன. அதிலிருந்து பதிவுகளை அறுவடை செய்துகொள்ளலாம். அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் உருவான வியூஃபைண்ட், அப்படித் திரட்டியவற்றைத் தேடுவதற்கென்றே இலவசமாகக் கிடைக்கிறது. ஆக, கருவி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

திரட்ட வேண்டியவையும் இங்கே சாதாரணமானவை அல்ல. புதுச்சேரியில் 1827இல் தோன்றிய பொது நூலகம் இன்று ரொமேன் ரோலண்ட் பெயரில் இயங்குகிறது. செயின்ட் லூயி தெருவில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், துய்மா தெருவில் தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளி என்னும் ஆய்வு நிறுவனத்தின் மையமும் இருக்கின்றன. இவற்றின் சேகரத்தில் அடங்கிய சுமார் 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தின் மைய நூலகம் உண்டு. அதற்குப் பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை நூலகம் என்பதை, மேலே சொன்ன கதையின் பின்னணியில், சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடலூர்ப் பக்கம் மாவட்ட மைய நூலகமும் அதன் கிளைகளும், பழைய கல்லூரிகளின் நூலகங்களும், தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகமும் உள்ளன. இவற்றுக்கு இடையே மாநில எல்லை ஒன்று ஓடுகிறது. கடலூரிலிருந்து கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் எல்லைதான். பட்டியல்களோ அதைக் கடப்பதே இல்லை.

இனி என் கடிதத்தின் மையமான செய்திக்கு வருகிறேன்.

பாரதிதாசனை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியில் 1891இல் பிறந்த சுப்புரத்தினம் அவர். ஒரு நூலகத்தில் 'பாரதிதாசன்', இன்னொன்றில் 'பாவேந்தர் பாரதிதாசன்', மூன்றாவதில் 'சுப்புரத்தினம், கனக.' ஆங்கிலத்தில் ஏற்றிய இடங்களில் பெயரின் முதலெழுத்துக்குப் பின்னே 'எச்' போட்டவர் உண்டு, போடாதவர் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962 முதல் புதுதில்லியில் அலுவலகம் வைத்துக்கொண்டு இந்திய மொழி நூல்களைத் திரட்டி வருகிறது. தமிழ் எழுத்துக்கு நேராக உரோம எழுத்தை வைப்பது அவர்கள் முறை. தமிழில் பகரம் ஒன்றே என்பதால், பம்பாயின் முதலெழுத்தில் தொடங்க வேண்டியவர் என்று நாம் நினைக்கும் பாரதிதாசன், அவர்கள் பட்டியலில் பாரிஸின் முதலெழுத்தில் தொடங்குகிறார். இலக்கணப்படி அவர்கள் செய்தது சரி. நம் மாணவருக்கு அது தோன்றுமா? வெளியில் இருந்து பதிவுகளை அப்படியே இறக்கிக்கொள்ளும் வசதி வந்த பிறகு, இந்த எழுத்துக்கூட்டல் நம் கல்லூரிகளின் பட்டியலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரே நூலகத்தில் ஒரே கவிஞர் நான்கு பேராக இருக்கிறார்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நிலை இன்னும் சுவையானது. அவருடைய நாட்குறிப்பின் பகுதிகளை 1894இல் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட ழூலியன் வின்சோன், பெயரின் கடைசிப் பகுதியை 'புள்ளே' என்று ஒலிக்கும்படி எழுதியிருக்கிறார். அது பிழையன்று. 'பிள்ளை' என்று எழுதிவிட்டு நாம் வீட்டில் 'புள்ளெ' என்றுதானே கூப்பிடுகிறோம்? காதில் விழுந்ததை அவர்கள் அப்படியே எழுதினார்கள். இன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களின் பெயர்களில் அந்த எழுத்துக்கூட்டலைக் காணலாம். ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுகிற ஒருவருக்கு அந்தப் பிரெஞ்சுப் பதிப்பு ஒருநாளும் கிடைக்காது. பிரெஞ்சு முறையில் தேடுகிறவருக்குச் சென்னைப் பதிப்பு கிடைக்காது. தமிழில் தேடுகிறவருக்கு இரண்டுமே கிடைக்காது.

ஊர்ப் பெயர்கள் தனிக் கதை. 2006இல் பெயர் மாறும் வரை ஏற்றிய பதிவுகளில், நூல் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்பு பாண்டிச்சேரி. அதன் பிறகு புதுச்சேரி. இலக்கியம் சார்ந்தவற்றில் புதுவை. கடலூர் மாவட்டம் 1993இல் தென்னாற்காடு பிரிக்கப்பட்டபோது பிறந்தது, ஆதலால் அதற்கு முந்தைய நூல்களெல்லாம் தென்னாற்காடு என்ற தலைப்பின் கீழ் உறங்குகின்றன. பழைய பெயரான கூடலூர் என்று தேடினால் நீலகிரிக் கூடலூரும் தேனிக் கூடலூரும் வந்து நிற்கும். பரங்கிப்பேட்டை ஆங்கிலேயர் ஆவணங்களில் போர்ட்டோ நோவோ, முகலாயர் காலப் பெயர் மஹ்மூது பந்தர். துணி வணிகத்தைப் பற்றி எழுத வந்த மாணவி மூன்று பெயர்களையும் அறிந்திருந்தால் மட்டுமே மூன்று தேடல் செய்வார். அறிந்திருந்தால் அவர் தேடவே வேண்டியிருக்காது என்பதும் ஒரு வேடிக்கை.

எழுத்துக்கூட்டலைத் தாண்டி, எழுத்துக்கு உள்ளேயே சில வில்லங்கங்கள் உள்ளன. ஔவையாரின் முதலெழுத்துக்குக் கணினியின் பொது எழுத்துக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோடில்) தனி இடம் இருக்க, ஒகரத்தை அடுத்து ளகரத்தை இட்டு 'ஒளவையார்' என்று ஏற்றிய பதிவுகள் எல்லா நூலகங்களிலும் உண்டு. கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், கணினிக்கு வெவ்வேறு. 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் அமைக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டும் அமைக்கலாம். ஸ்ரீ அரவிந்தரின் ஊரில் 'ஸ்ரீ' என்ற எழுத்தையே இரண்டு விதமாக உள்ளிட முடிகிறது. எது எந்த விதம் என்று திரையைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஒருங்குறி வருமுன் வெவ்வேறு எழுத்துருக்களில் அடித்து, பின்னர் மாற்றி எடுத்த பதிவுகளில் காலுக்குப் பதில் ரகரம் நிற்பதும் உண்டு.

சொற்கள் திரிவதோ தமிழின் இயல்பு. 'வரலாறு' என்று தேடினால் 'வரலாற்றில்' வராது. 'கடலூர்' என்று தேடினால் 'கடலூரின் கோட்டைகள்' வராது. பெரும்பாலான மென்பொருள்களில் சொல்லின் இறுதியில் நட்சத்திரக் குறி இட்டால் பின்னொட்டுகளையும் சேர்த்துத் தேடும். ஆனால் 'கடலூர்' என்று புள்ளி வைத்த பிறகு நட்சத்திரம் இட்டால் பயனில்லை, புள்ளியை நீக்கிக் 'கடலூர' என்று நிறுத்தி இட வேண்டும். அவ்வாறே 'வரலாற' என்று நிறுத்தினால் வரலாறும் வரும், வரலாற்றில் என்பதும் வரும். இந்தச் சூட்சுமத்தை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே என் பணிக்காலத்தின் கடைசிச் சில ஆண்டுகள் கழிந்தன. வாசகர் எவ்வளவு படித்தவராயினும் இதை அவரிடம் எதிர்பார்ப்பது முறையன்று. கருவியை அமைப்பவர் செய்துவைக்க வேண்டிய வேலை இது.

இவற்றையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. கணினி வருவதற்கு முன்பே நூலகர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். ஐந்து அங்குல நீளமும் மூன்று அங்குல உயரமும் கொண்ட அட்டைகள், அடிப்பக்கம் துளையிட்டு, பித்தளைக் கம்பியில் கோத்து, மர இழுப்பறைகளில் அகர வரிசையில் நின்ற காலத்தில், புத்தகத்துக்கான அட்டைகளுக்கு நடுவே புத்தகம் எதையும் குறிக்காத அட்டைகளும் சில இருந்தன. 'சுப்புரத்தினம், கனக. காண்க: பாரதிதாசன்' என்று ஒரு வரி மட்டும் அதில் இருக்கும். 'சாமிநாத ஐயர், உ. வே.' என்ற இடத்தில் 'காண்க: சாமிநாதையர்' என்றிருக்கும். 'தென்னாற்காடு, மேலும் காண்க: கடலூர் மாவட்டம்' என்று 1993க்குப் பிறகு நானே தட்டச்சு செய்து செருகிய அட்டை எனக்கு நினைவிருக்கிறது. வாசகர் எந்தப் பெயரில் நுழைந்தாலும் சரியான இடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போகும் அட்டைகள் அவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால், ஒரு நூலகர் யாரையோ விசாரித்து, எதையோ புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட செய்தி ஒன்று இருந்தது.

பட்டியல்கள் கணினிக்கு மாறியபோது இந்த அட்டைகளைத்தான் முதலில் கைவிட்டோம். தரவு ஏற்றும் பணி புத்தகத்துக்கு இத்தனை ரூபாய் என்று ஒப்பந்தத்தில் விடப்பட்டது. புத்தகம் ஒவ்வொன்றுக்கும் நூலகம் இடும் சேர்க்கை எண் காண்க அட்டையில் இல்லை. சேர்க்கை எண் இல்லாததற்குக் கூலி இல்லை. ஆகவே எவரும் அதை ஏற்றவில்லை. வேலை முடிந்ததும் இழுப்பறைகள் காலியாக்கப்பட்டு அட்டைகள் பழைய பேப்பர்க்காரருக்குப் போயின. எடைக்கு எடை நல்ல விலை கிடைத்ததென்று அலுவலகத்தில் மகிழ்ந்தார்கள்.

மென்பொருளில் இடம் இல்லாமற் போயிற்று என்றும் சொல்ல முடியாது. நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் 21 அமைப்பில், ஒருவருக்கென ஏற்றுக்கொண்ட பெயர் வடிவத்தை 100 என்ற புலத்திலும் (பதிவின் ஒரு கட்டத்திலும்), அவருடைய மற்றப் பெயர் வடிவங்களை 400 என்ற புலத்திலும் எழுதிவைக்கும் பெயர்ப் பதிவுகள் உண்டு. உரோம எழுத்தில் உள்ள தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் அவற்றின் தமிழ் எழுத்து வடிவத்தோடு பிணைப்பதற்கு 880 என்ற புலம் உண்டு. பல நாடுகளின் தேசிய நூலகங்கள் வைத்திருக்கும் பெயர்ப் பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்கும் வியாஃப் என்ற உலகப் பட்டியலும் நடைமுறையில் இருக்கிறது. கோஹாவில் இந்தப் பெயர்ப் பதிவுகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. நான் பார்த்த கல்லூரிகளில் அது திறந்து பார்க்கப்படாமலே கிடக்கிறது.

எனவே என் வேண்டுகோள் இதுதான். ஒற்றைத் தேடல் வசதிக்கென்று நிதி ஒதுக்கப்படுமானால், அதன் முதல் பகுதி மென்பொருளுக்குப் போகாமல், இந்தப் பகுதிக்கான ஒரு பொதுவான பெயர்ப் பட்டியலை உருவாக்குவதற்குப் போகட்டும். ஆசிரியர் பெயர், ஊர்ப் பெயர், நிறுவனப் பெயர் ஆகியவற்றின் தமிழ், ஆங்கில, பிரெஞ்சு வடிவங்கள் அனைத்தும் ஒரே பதிவின் கீழ் வர வேண்டும். தமிழ் வடிவமே தலைமை வடிவமாக இருக்க வேண்டும் என்பேன். இதில் மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் இருக்கிறார்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பழைய தமிழும் பிரெஞ்சும் அறிந்த நூலகர்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெற்றுப் போவதற்குள் இதைச் செய்துகொள்வது நல்லது. எல்லாப் பெயர்களையும் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும் என்பதில்லை. இந்த வட்டாரத்து எழுத்தாளர்கள், இந்த வட்டாரத்து ஊர்கள் என்று தொடங்கினாலே நம் மாணவர்களின் தேடலில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

கூகுள் எழுத்துப் பிழையைத் தானே திருத்திக்கொள்கிறதே, செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இத்தனை பாடு எதற்கு என்று இளைய நூலகர்கள் என்னிடம் கேட்கிறார்கள். எழுத்துப் பிழையை இயந்திரம் ஊகிக்கும்; ஏற்றுக்கொள்கிறேன். சுப்புரத்தினமும் பாரதிதாசனும் ஒருவர் என்பதை அது எங்கோ படித்துத்தான் அறிய முடியும். கொஞ்சமும் புகழ் பெறாத, இரண்டு சிறு நூல்களை மட்டும் எழுதி, ஒன்றைப் புனைபெயரிலும் ஒன்றைச் சொந்தப் பெயரிலும் திருப்பாதிரிப்புலியூரில் அச்சிட்டுவிட்டுப் போன ஓர் ஆசிரியரைப் பற்றி எங்கே படிக்கும்? அதை அறிந்திருந்தவர் ஒரு நூலகர். அவர் எழுதிவைத்த இடம் ஓர் அட்டை.

நூலகத்துக்கான வரியைச் சொத்து வரியோடு சேர்த்துத் தமிழ்நாட்டில் நாம் கட்டுகிறோம். நூலக இயலின் ஐந்து விதிகளை வகுத்த ரங்கநாதன் நம் பக்கத்துச் சீர்காழிக்காரர். வாசகரின் நேரத்தைச் சேமி என்பது அவருடைய நான்காவது விதி. அந்த மாணவியின் ஒரு வார காலம் ஒரு தட்டச்சுப் பிழையில் போனதை நினைக்கும்போது, அவருடைய பக்கத்து ஊர்க்காரர்களாகிய நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்க வேண்டும்.

பழைய பேப்பர்க்காரர் வந்த அன்று, முதல்வரின் அனுமதியோடு, காண்க அட்டைகளை மட்டும் தனியே பொறுக்கி ஓர் இழுப்பறையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆயிரத்துக்குச் சற்றுக் கூடுதலான அட்டைகள். சில கரையான் அரித்தவை, பெரும்பாலானவை வாசிக்கும்படி உள்ளன. அகர வரிசை கலையவில்லை. கடலூரிலோ புதுச்சேரியிலோ பெயர்ப் பட்டியல் பணியைத் தொடங்க முன்வரும் எந்த நூலகத்துக்கும் அந்த இழுப்பறையைக் கொடுக்கவும், வாரத்தில் மூன்று நாள் காலையில் வந்து உட்கார்ந்து உடன் சரிபார்க்கவும் நான் அணியமாக இருக்கிறேன். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.